ஐஐடிபேவ்: நீலகிரிச் சாலைக்கு எது வரைக்கும் கைகொடுக்கும்?

தார்ச்சாலையின் கனத்தை முடிவு செய்ய இந்தியாவில் பெரும்பாலும் எல்லோரும் திறக்கும் மென்பொருள் ஐஐடிபேவ்தான். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிடும் ஐஆர்சி:37 வழிகாட்டியோடு கூடவே வருகிறது. தனி விலை கிடையாது. கரக்பூர் ஐஐடியில் பிறந்தது. 2001 பதிப்புக்கு எஃப்பேவ் என்ற பழைய நிரல் பயன்பட்டது. 2012 பதிப்பிலும் இப்போது நடப்பில் உள்ள 2018 பதிப்பிலும் அந்த இடத்தில் இருப்பது இது. சமவெளிச் சாலையில் இதைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு ஏறத் தொடங்கியதும் கதை மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தோற்றத்தில் எதிர்பார்ப்பு வேண்டாம். ஜாவா இல்லாத கணினியில் திறக்கவே திறக்காது. திறந்தால் சாம்பல் நிறத்தில் நாலு பெட்டிகள். படம் கிடையாது, வரைகோடு கிடையாது, சாலையின் ஆயுளையும் அது சொல்லாது. நீங்கள் தரும் அடுக்குகளுக்குத் தகைவும் (உள்ளே எழும் விசையின் செறிவு) திரிபும் (அதனால் அடுக்கு நீளும் அல்லது அமுங்கும் விகிதம்) கணக்கிட்டு எண்களாகக் கொட்டிவிடும். அந்தத் திரிபை எடுத்து ஆயுள் கணக்குப் போடுவது உங்கள் எக்செல் தாளின் வேலை. கனத்தை 10 மில்லிமீட்டர் மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் திரும்பவும் உள்ளே போய் மாற்றி ஓட்ட வேண்டும். ஆனால் வேகம் அபாரம். பத்துப் பதினைந்து முறை ஓட்டினாலும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

உள்ளீடு இவ்வளவுதான்: அடுக்குகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் மீட்சிக் குணகம் (அடுக்கின் விறைப்பு) மெகாபாஸ்கலில், பாய்சான் விகிதம் (அமுங்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்ற அளவு), கனம் மில்லிமீட்டரில், ஒரு சக்கரத்தின் சுமை நியூட்டனில், டயர் அழுத்தம் மெகாபாஸ்கலில், எந்த ஆழத்தில் எவ்வளவு தள்ளிப் பார்க்க வேண்டும் என்ற புள்ளிகள், ஒற்றைச் சக்கரமா இரட்டையா. வழக்கமான 80 கிலோநியூட்டன் அச்சுக்குச் சக்கரச் சுமை 20000, அழுத்தம் 0.56. இரட்டைச் சக்கரங்களின் நடுவிடைவெளி 310 மில்லிமீட்டர். அதனால் புள்ளிகளை 0-விலும் 155-லும் வைக்க வேண்டும். முதலாவது சக்கரத்துக்கு நேர் கீழே, இரண்டாவது இரு சக்கரங்களுக்கும் நடுவே. தார், ஜல்லி, மண் மூன்றுக்கும் பாய்சான் விகிதம் 0.35. சிமென்ட் கலந்த அடுக்கு இருந்தால் அதற்கு 0.25, அந்த அடுக்கின் களைப்பை, அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறுவதால் விழும் விரிசலை, பார்க்கும்போது டயர் அழுத்தத்தை 0.80 ஆக்க மறக்கக்கூடாது.

சுமையை 20 என்று கிலோநியூட்டனில் போட்டுவிடுவதுதான் மிகப் பொதுவான தவறு. நிரல் ஒன்றும் சொல்லாது. ஆயிரத்தில் ஒரு பங்குச் சுமைக்குக் கணக்குப் போட்டு, சாலை யுக யுகமாய் நிற்கும் என்று காட்டும். இரண்டாவது தவறு விடைத்தாளை வாசிப்பதில். இரண்டு அடுக்குகள் சேரும் ஆழத்தைக் கொடுத்தால் ஒரே ஆழத்துக்கு இரண்டு வரி வரும். 'எல்' என்ற எழுத்து ஒட்டிய வரி கீழ் அடுக்குக்குரியது. தாரின் அடிப்பக்க இழுவிசைத் திரிபுக்கு 'எல்' இல்லாத வரியில் இபி-டி, இபி-ஆர் என்ற இரு கிடைத்திரிபுகளில் பெரியதை எடுக்க வேண்டும். மண்ணின் தலையில் செங்குத்துத் திரிபுக்கு 'எல்' உள்ள வரியில் இபி-இசட். இதை மாற்றி எடுத்த அறிக்கைகள் கையெழுத்தும் முத்திரையுமாக வலம் வருகின்றன. நிரலைப் புதிதாக நிறுவியவர்கள் வழிகாட்டியின் பின்னிணைப்பில் உள்ள செய்முறைக் கணக்கை முதலில் ஓட்டி, விடை பொருந்துகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

ஜல்லி அடுக்கில் இன்னொரு பொறி. ஜிஎஸ்பியையும் (அடியில் போடும் வடிகால் ஜல்லி) வெட்மிக்ஸையும் (அதன் மேல் ஈரத்தோடு கலந்து இறுக்கும் ஜல்லி) தனித்தனியாகக் கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஜல்லியின் குணகச் சூத்திரத்தைப் போடுகிறவர்கள் உண்டு. சூத்திரம் இரண்டையும் ஒரே அடுக்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறது: மொத்தக் கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து 0.45 படிக்கு (பவர்) உயர்த்தி, அதை 0.2-ஆல் பெருக்கி, கீழே தாங்கும் மண்ணின் குணகத்தால் பெருக்க வேண்டும். 450 மில்லிமீட்டருக்கு இந்தப் பெருக்கி சுமார் 3.13. சிபிஆர் (மண்ணின் தாங்கு வலிமையைக் காட்டும் சோதனை எண்) 8 உள்ள மண்ணின் குணகம் 66.6 மெகாபாஸ்கல் என்றால் மேலே உள்ள ஜல்லிக்கு 208. இதே மண் மழையில் ஊறிச் சிபிஆர் 5-க்கு இறங்கினால் மண் 50, ஜல்லி 156. ஜல்லி அதே ஜல்லிதான். காலடியில் மண் இளகினால் அதுவும் இளகுகிறது. பக்கக் கால்வாய் ஒன்று அடைபட்டால் பாதிக்கப்படுவது ஒரு அடுக்கு அல்ல, இரண்டு.

இனி மலைக்கு வருவோம். முதல் இடறல், போக்குவரத்துக் கணக்கு. லாரியின் அச்சுச் சுமையை எடைபோட்டுப் பார்க்காத இடத்தில் வழிகாட்டியின் அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 150 முதல் 1500 வணிக வாகனங்கள் ஓடும் சாலைக்கு அது சமவெளியில் 3.9 என்றும் மலையில் 1.7 என்றும் சேதக் காரணி (ஒரு வாகனம் எத்தனை 80 கிலோநியூட்டன் அச்சுக்குச் சமம் என்ற எண்) தருகிறது. 400 வாகனம், 5.5 மீட்டர் இடைநிலைச் சாலை என்பதால் இரு திசை மொத்தத்தில் 75 சதவீதப் பங்கு, ஆண்டு வளர்ச்சி 5 சதவீதம், 15 ஆண்டு ஆயுள் என்று வைத்தால் 1.7-க்கு 4.0 எம்எஸ்ஏ (ஒரு எம்எஸ்ஏ என்றால் பத்து லட்சம் தர அச்சுகள்) வருகிறது. 3.9 என்றால் 9.2. 90 சதவீத நம்பகத்தன்மையில் மண்ணின் தலையில் அனுமதிக்கும் திரிபு முதலாவதில் மில்லியனில் 648 பங்கு, இரண்டாவதில் 540. காய்கறியும் தேயிலையும் இறங்கும் பக்கத்தில் 1.7 ஒருவேளை சரியாக இருக்கலாம். சிமென்ட்டும் கம்பியும் எம்-சாண்டும் ஏறும் பக்கத்தில் அதை நம்புவதற்கில்லை. அடிவாரத்தில் இரண்டு திசைக்கும் தனித்தனியாக அச்சு எடை எடுத்தால் செலவு சொற்பம்; அதைத் தவிர்த்துவிட்டு மென்பொருளில் மூன்று தசமத்துக்குச் சரிபார்ப்பதில் பொருளில்லை.

திரிபு சற்று மாறினாலே ஆயுள் எவ்வளவு மாறும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மண் தலைத் திரிபு 500-லிருந்து 600 ஆனால், அதே 90 சதவீத நம்பகத்தன்மையில் தடப்பள்ள ஆயுள் (சக்கரத் தடம் பள்ளமாகும் வரை தாங்கும் அச்சுகள்) 13 எம்எஸ்ஏவிலிருந்து 5.7-க்கு விழும். நாலரைப் படியில் (பவர்) ஏறி இறங்கும் கணக்கு இது. உள்ளே போடும் மண் குணகம் ஊகம் என்றால் வெளியே வருவதும் ஊகம்தான்.

அந்த மண்தான் நீலகிரியில் சிக்கலான ஆசாமி. கீழே சார்னோகைட் பாறை. அதன் மேல் ஆழமாக மக்கிய செம்மண், லேட்டரைட் சாயலில். இந்த மாதிரி மண்ணை ஆய்வுக்கூடத்தில் 105 டிகிரி அடுப்பில் உலர்த்திவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றிச் சோதித்தால், அதன் நுண்துகள்கள் ஒட்டிக்கொண்டு மணலைப் போல நடந்துகொள்ளும். நெகிழ்வு எல்லை குறைந்து, உலர் அடர்த்தி கூடி, சிபிஆர் நன்றாகத் தெரியும். களத்தில் அந்த மண் ஒருநாளும் அப்படி உலர்ந்ததில்லை. மாதிரியை இயற்கை ஈரத்திலிருந்தே தொடங்கி, காற்றில் மட்டும் ஓரளவு உலர்த்திச் சோதிக்கும்படி ஆய்வுக்கூடத்துக்கு எழுத்தில் சொல்லிவிட வேண்டும். நாலு நாள் ஊறவைத்த சிபிஆர் என்பதில் சமரசமே கூடாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிச் சரிவில் வடகிழக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மாவட்டம் இது. ஊறாத மண் என்று இங்கே எதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று, மலைச்சாலையின் ஒரே குறுக்குவெட்டில் இரண்டு மண் இருக்கும். மலைப்பக்கம் வெட்டிய தரை, பள்ளத்தாக்குப் பக்கம் கொட்டி நிரப்பிய தரை. ஐஐடிபேவ் ஒரு சாலைக்கு ஒரு மண்தான் ஏற்கும். இரண்டுக்கும் தனித்தனியாக ஓட்டி, மோசமான விடையை முழு அகலத்துக்கும் எடுத்துக்கொள்வதுதான் வழி. நிரப்பிய பக்கத்தில் நல்ல மண்ணை 500 மில்லிமீட்டர் கொண்டுவந்து போடுவதாக இருந்தால், இரண்டின் கூட்டுக் குணகத்தை நிரலிலேயே எடுக்கலாம். மேலே நல்ல மண் 500, கீழே பழைய மண், இரண்டே அடுக்கு, ஒற்றைச் சக்கரம், சுமை 40000, அழுத்தம் 0.56, பரப்பின் மேல் நடுப்புள்ளியில் எவ்வளவு அமுங்குகிறது என்று மட்டும் பாருங்கள். 148.2-ஐ அந்த அமுக்கத்தால், மில்லிமீட்டரில், வகுத்தால் கூட்டுக் குணகம் கிடைக்கும். அமுக்கம் 2.5 என்றால் 59 மெகாபாஸ்கல். நிரலின் மிகப் பயனுள்ள, மிகக் குறைவாகப் பயன்படும் வசதி இதுதான் என்பது நம் கருத்து. கூட்டுக் குணகம் எவ்வளவு வந்தாலும் 100-க்கு மேல் எடுக்கக்கூடாது என்று வழிகாட்டி கட்டுப்போட்டிருக்கிறது. பாறை வெட்டிய இடத்துக்கும் அது பொருந்தும். வெடி வைத்துப் பிளந்த பாறைத் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளங்களில் தண்ணீர் தேங்கினால் கல்லின் மேலேயே சாலை சேறாகும்.

அடுத்தது வெப்பம். தார்க்கலவையின் குணகம், விஜி-30 என்ற தார் வகைக்கு, 35 டிகிரியில் 2000, 20 டிகிரியில் 3500 என்று அட்டவணை. ஊட்டி 2240 மீட்டர் உயரம், குளிர் ஊர், ஆகவே 3500 போட்டுக் கனத்தைக் குறைக்கலாம் என்று கை துறுதுறுக்கும். இரண்டு காரணங்களுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குணகம் கூடினால் திரிபு குறைவதோடு அனுமதித் திரிபும் குறைகிறது. மேலே சொன்ன 4 எம்எஸ்ஏ சாலைக்குத் தாரின் அடிப்பக்கத்தில் அது மில்லியனில் 372-லிருந்து 329 ஆகிறது. மற்றொன்று வேகம். ஆய்வுக்கூடத்தில் குணகம் எடுப்பது ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரச் சுமைக்கு. மரப்பாலம் ஏற்றத்தில் முதல் கியரில் முனகும் லாரி ஒரே இடத்தில் நிற்பதற்குச் சமம். மெதுவான சுமைக்குத் தார் மெத்தென்று ஆகிவிடும். குளிர் தருவதில் ஒரு பங்கை ஏற்றம் பிடுங்கிக்கொள்கிறது. ஏற்றத்துக்கும் கொண்டை ஊசி வளைவுக்கும் 2000-த்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காத வடிவமைப்பை ஏற்கவே கூடாது.

தார்க்கலவையின் வெற்றிடம் பற்றிய எண்ணும் களைப்புச் சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கலவையின் கொள்ளளவில் தார் 11.5 சதவீதம், வெற்றிடம் 3.5 என்று வைத்துப் போட்ட கணக்கில், தளத்தில் வெற்றிடம் 5 ஆனால் களைப்பு ஆயுள் பாதிக்கும் கீழே. 7 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு. நீலகிரியில் இந்த 7 எளிதாக வந்துவிடும். கலவை ஆலை அடிவாரத்தில் இருந்தால் டிப்பர் இரண்டு மணி நேரம் வளைந்து வளைந்து ஏறி வரும். மேலே காற்று குளிர். போடுவதோ 30 அல்லது 40 மில்லிமீட்டர் மெல்லிய பிசி (மேல்தளத் தார்க்கலவை). விஜி-30 கலவையைக் குறைந்தது 140 டிகிரியில் விரித்து, 90-க்கு இறங்கும் முன் உருட்டி முடிக்க வேண்டும். தார்ப்பாய் இரட்டையாகப் போர்த்தாமல், ரோலர் டீக்கடையில் நிற்க, கலவை வந்து காத்திருந்தால் அந்த நேரம் போயே போய்விடும். காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இருந்தாலும், மழை, மூடுபனி இருந்தாலும் வேலையை நிறுத்தச் சொல்கிறது மத்திய சாலை அமைச்சகத்தின் விவரக்குறிப்பு. மூடுபனி என்ற அந்த ஒரு சொல்லை மதித்தால் மலையில் காலை ஒன்பது மணிக்கு முன் பேவர் நகராது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் இன்னும் தாமதம்.

கொண்டை ஊசி வளைவுகளில் நிரல் சொல்வதும் நடப்பதும் அடியோடு வேறு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். அங்கே சக்கரம் தளத்தைக் கீழே அழுத்துவதோடு பக்கவாட்டிலும் பலமாக இழுக்கும். ஐஐடிபேவுக்குச் செங்குத்துச் சுமை மட்டும் தெரியும். அடுக்குகள் ஒன்றோடொன்று முழுமையாக ஒட்டியிருப்பதாகவும் அது நினைத்துக்கொள்ளும். அடுக்குகளை ஒட்டவைக்கத் தெளிக்கும் டாக் கோட் சரியில்லாத இடத்தில் பிறை வடிவ விரிசல் விழுந்து மேல்தளம் பாய்போலச் சுருளும். அதைப் பார்த்து 'கனம் போதவில்லை' என்று எழுதுவது தவறான நோய்க்கு மருந்து. பழைய தார்த்தளத்தின் மேல் சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ எமல்ஷன் (நீரில் கலந்த தார்), தளத்தைக் கூட்டி ஊதித் துடைத்த பிறகு, பழுப்பு நிறம் கறுப்பாக மாறும் வரை காத்திருந்து கலவை. வளைவுகளில் கேனை வைத்துக் கையால் ஊற்றுவதை ஒழித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நிரலின் மிகப் பெரிய குறை விளிம்பு. அடுக்குகள் பக்கவாட்டில் முடிவே இல்லாமல் பரந்திருப்பதாக அதன் கணிதம் கொள்கிறது. மலையில் இறங்கி வரும் பேருந்து ஏறுகிற வண்டிக்கு வழிவிடப் பள்ளத்தாக்கு ஓரத்தில் ஒதுங்கினால், சக்கரத்துக்கும் சரிவுக்கும் நடுவே இரண்டடிகூட இருக்காது. பக்கத்தில் தாங்க மண் இல்லாத இடத்தில் திரிபு எவ்வளவு ஏறும் என்று இதில் பார்க்கவே முடியாது. நடைமுறையில் செய்யக்கூடியது, ஜல்லி அடுக்கைத் தார் விளிம்போடு நிறுத்தாமல் தடுப்புச் சுவர் வரை கொண்டுபோவதும், மண் தோளை வெட்மிக்ஸால் இறுக்குவதும்தான்.

ஜிஎஸ்பியைச் சுவர் வரை கொண்டுபோகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சுவரில் நீர் வடியும் துளைகள் அந்த அடுக்கின் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். மலைப்பக்கத்தில் இதற்கு நேர்மாறான தப்பு. கால்வாயின் தரை ஜிஎஸ்பியைவிட உயரமாக இருந்தால், வடிகால் என்று போட்ட அடுக்கு கால்வாய்த் தண்ணீரை உறிஞ்சிச் சாலைக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மேலே மேலே தார் போட்டுக் கால்வாயையும் கூடவே உயர்த்திக் கட்டிய சாலைகளில் இது வெகு சகஜம்.

பள்ளத்தாக்கு ஓரமாகச் சாலைக்கு இணையாக, நீளமாக, வில் போல வளைந்த விரிசல் தெரிந்தால் ஐஐடிபேவை மூடி வையுங்கள். அது சக்கரம் போட்ட விரிசல் இல்லை; சரிவே நகர்கிறது. அதன் மேல் 50 மில்லிமீட்டர் தார் போட்டால் 5.5 மீட்டர் அகலச் சாலையில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 66 டன் எடையைச் சரிவின் தலையில் ஏற்றுகிறீர்கள். அங்கே தேவை ஜியோஸ்டுடியோ, பிளாக்சிஸ் போன்ற சரிவுக் கணக்கு. அவை விலை உயர்ந்தவை, கற்கவும் மாதக்கணக்கில் ஆகும், உள்ளீடும் கனமானது: மண்ணின் ஒட்டுதல், உராய்வுக் கோணம், நிலத்தடி நீர்மட்டம். கோடையில் எடுத்த மாதிரியின் வலிமையைப் போட்டால் அவையும் பொய் சொல்லும். காய்ந்த மக்கல் மண்ணை நிற்க வைப்பதில் பெரும்பங்கு அதனுள் இருக்கும் நீர் உறிஞ்சு விசை. தொடர்மழையில் நிறைவுற்றதும் அது காணாமல் போகும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பகுதிகளில் மலை இறங்கியது அப்படிப்பட்ட மழையில்தான். நிறைவுற்ற நிலையின் வலிமை அளவுகளையே கேட்டு வாங்க வேண்டும்.

பழைய சாலையைப் புதுப்பிக்க இதைப் பயன்படுத்துவது தனிப் பாதை. ஐஆர்சி:115 முறையில் எஃப்டபிள்யூடி என்ற, எடையை விழவைத்துச் சோதிக்கும் கருவி 40 கிலோநியூட்டனைத் தட்டிக் கிண்ண வடிவ அமுக்கத்தை அளக்கும். கேஜிபிபேக் என்ற இன்னொரு கரக்பூர் நிரல் அதிலிருந்து அடுக்குகளின் குணகத்தைப் பின்னோக்கிக் கணக்கிடும். வரும் குணகங்களில் 15-ஆம் சதமானத்தை (நூற்றில் 15 அளவுகள் இதற்குக் கீழே இருக்கும் மதிப்பு) எடுத்து ஐஐடிபேவில் போட்டு, மேல்பூச்சுக் கனம் காணலாம். கேஜிபிபேக்கில் ஒவ்வொரு அடுக்குக்கும் குறைந்த, அதிகபட்ச எல்லை கேட்கும். விடை எல்லையிலேயே போய் ஒட்டிக்கொண்டால் நீங்கள் கொடுத்த அடுக்கின் கனம் தப்பாக இருக்கலாம். அந்த இடத்தில் ஒரு குழி வெட்டிப் பார்க்க வேண்டும். மலையில் வெட்டு, நிரப்பு இரண்டையும் ஒரே தொகுதியாகச் சேர்த்துச் சதமானம் எடுப்பதும் தவறு.

எஃப்டபிள்யூடி வண்டி கிடைக்காத இடத்தில் பெங்கல்மேன் பீம், அதாவது லாரிச் சக்கரம் நகரும்போது தளம் எவ்வளவு மீள்கிறது என்று அளக்கும் நெம்புகோல். அச்சு 8170 கிலோ, டயர் சதுர சென்டிமீட்டருக்கு 5.6 கிலோ. இதற்கான ஐஆர்சி:81 மலைக்காரர்களுக்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது: 1000 மீட்டருக்கு மேல், ஆண்டில் நாலு மாதத்துக்கு மேலாகச் சராசரி வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடங்களில் 35 டிகிரித் தரவெப்பம் பொருந்தாது. காற்று 20-ஐத் தாண்டும்போது அளந்து, வெப்பத் திருத்தம் போடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊட்டியில் அதற்கு ஏப்ரல், மே நண்பகல்தான் தோது. சுற்றுலா நெரிசலும் அப்போதுதான் என்பதால் காவல்துறையிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியிருக்கும். சமவெளிப் படிவத்தை அப்படியே எடுத்து, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.01 மில்லிமீட்டர் கூட்டிய அறிக்கை வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

யாருக்கு இது போதும்? கோத்தகிரி மேட்டுநிலத்தில், இருபக்கமும் தேயிலைத் தோட்டம் நிற்கும் சமமான சாலைக்குத் தாராளமாகப் போதும். வெட்டும் நிரப்பும் மாறி மாறி வரும் காட்டேரி, பர்லியார்ச் சரிவுகளில் கனத்துக்கு மட்டும் இதை நம்பலாம். விளிம்புக்கும் தண்ணீருக்கும் வேறு ஆள் வேண்டும். 2 எம்எஸ்ஏவுக்குக் கீழே உள்ள ஊர்ச்சாலைகளுக்கு இதைத் திறக்கவே தேவையில்லை. ஐஆர்சி:எஸ்பி:72-இன் அட்டவணை போதும், நேரமும் மிச்சம்.

ஒப்பந்தத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ஒவ்வொரு ஓட்டத்தின் உள்ளீட்டுத் தாளையும் விடைத்தாளையும் சேர்த்தே இணையுங்கள். எந்த வரியிலிருந்து திரிபு எடுக்கப்பட்டது என்று பேனாவால் வட்டமிடுங்கள். சிபிஆர் மாதிரி எந்தக் கிலோமீட்டரில், மலைப்பக்கமா பள்ளத்தாக்குப் பக்கமா, எந்த மாதம் எடுத்தது என்பதையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.